ஃப்ராய்டின் கல்கத்தா நண்பர்: பார்சிபாகான் சந்தில் ஒரு வீடு

"ஃப்ராய்டோடு வருஷக்கணக்கில் கடிதம் எழுதிப் பழகிய இந்தியர் ஒருவர் இருந்தாராம், போஸ் என்று பெயராம். அவர் யார்? வீட்டில் எப்படி இருந்தார், யார் யாரோடு பழகினார்? ஃப்ராய்டை நேரில் பார்த்தாரா?" என்பது கேள்வி.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பார்க்கவில்லை. போஸ் ஃப்ராய்டு இருந்த வியன்னாவுக்குப் போகவில்லை, ஃப்ராய்டு கல்கத்தாவுக்கு வரவில்லை. 1920-களின் தொடக்கத்திலிருந்து 1937 வரை எல்லாம் தபாலில்தான். அந்தக் காலத்தில் உளப்பகுப்பாய்வில், அதாவது ஆளைப் படுக்க வைத்துப் பேசவிட்டு மனதின் அடியைத் தேடும் ஃப்ராய்டின் முறையில், பெயர் வாங்கியவர்களை எடுத்துக்கொண்டால், பெரும்பாலோர் ஃப்ராய்டின் அறையில் படுத்து எழுந்தவர்கள், இல்லையென்றால் அப்படிப் படுத்து எழுந்தவர் ஒருவரிடம் படுத்து எழுந்தவர்கள். நம்முடைய ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிடைத்த ஆங்கில எழுத்துகளைப் படித்தார், தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டார், நோயாளிகளைப் பார்த்தார். அவ்வளவுதான் பயிற்சி.

பெயர் கிரீந்திரசேகர் போஸ். வங்காளத்தில் போஸ் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது நேதாஜி, அப்புறம் தாவரங்களுக்கு உணர்வுண்டு என்ற ஜகதீஷ் சந்திர போஸ், ஐன்ஸ்டைனோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்யேந்திரநாத் போஸ். இவர் அந்த வரிசையில் நாலாவது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கே இவரை அவ்வளவாகத் தெரிவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

1887-இல் பிறந்தவர். அப்பா சந்திரசேகர் போஸ், பீகாரில் தர்பங்கா மகாராஜாவின் சமஸ்தானத்தை நிர்வாகம் செய்தவர். வேதாந்தத்தில் ஈடுபாடு அதிகம், அதைப் பற்றி நூல்களும் எழுதியிருக்கிறார். நான்கு மகன்களில் கிரீந்திரசேகர்தான் கடைக்குட்டி. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல், அதன்பின் மருத்துவக் கல்லூரி, 1910-இல் எம்.பி. என்ற மருத்துவப் பட்டம். மாயவித்தை, ஹிப்னாடிசம் என்றால் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. மருத்துவம் படிக்கும்போதே ஹிப்னாடிசத்தைச் செய்து பார்த்தார். டாக்டராகி ஊசி மருந்து என்று தொழில் நடத்தத் தொடங்கியபோதும் மனநோய்க்காரர்கள் பக்கம்தான் மனம் இழுத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. தொழில் செய்துகொண்டே அதில் சேர்ந்து 1917-இல் எம்.எஸ்சி. முடித்தார், அங்கேயே பாடமும் எடுத்தார்.

பதினேழு வயதில் இந்துமதியோடு கல்யாணம். அந்தக் கால வங்காளத்தில் அது சாதாரணம். மற்றவர்களின் படுக்கையறை வரை போய்க் கேள்வி கேட்பதே தொழிலாக இருந்த மனிதர், தன் வீட்டு அந்தரங்கத்தைப் பற்றி எழுத்தில் பெரிதாக எதையும் வைக்கவில்லை. ஃப்ராய்டாவது தன் கனவுகளைப் புத்தகத்தில் போட்டு உடைத்தார். இவர் அந்த விஷயத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர். அதனால் இவருடைய சொந்த வாழ்க்கை என்று கேட்டால், மனைவியைவிட அண்ணனையும் நண்பர்களையும் பற்றித்தான் நிறையச் சொல்ல முடிகிறது.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராஜசேகர் போஸ், தம்பியைவிட ஏழு வயது மூத்தவர். வேதியியலாளர். ஆசார்ய பிரஃபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல் கம்பெனியை நடத்தியவர். பகலில் மருந்தும் ரசாயனமும், மற்ற நேரத்தில் 'பரசுராம்' என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள். வங்காளிகள் இன்றும் எடுத்துப் புரட்டும் ஒரு கைக்கு அடக்கமான அகராதியும் அவர் செய்ததுதான். தாகூர் இவர் கதைகளை வாயாரப் புகழ்ந்தபோது, பிரஃபுல்ல சந்திரர், "இப்படிப் புகழ்ந்தால் என் வேதியியலாளரை நான் இழந்துவிடுவேன்" என்கிற பாணியில் தாகூரிடம் செல்லமாகச் சண்டைக்குப் போனதாகச் சொல்வார்கள்.

அண்ணன் தம்பிகள் ஒன்றாக வாழ்ந்த வீடு, கல்கத்தாவில் பார்சிபாகான் சந்து 14-ஆம் எண். சயன்ஸ் காலேஜுக்குப் பக்கம். அங்கே ஓர் 'அட்டா' நடந்தது. அட்டா என்றால் அரட்டை என்று நாம் மொழிபெயர்க்கிறோம், ஆனால் அது முழுசாகப் பொருந்தாது. நம் ஊர்த் திண்ணைப் பேச்சு, டீக்கடை பெஞ்சு, இலக்கிய வட்டம் மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் கிட்டத்தட்ட அதுபோல வரும். இந்த அட்டாவுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'உத்கேந்திர சமிதி'. மையத்திலிருந்து விலகியவர்களின் சங்கம், சுருக்கமாகச் சொன்னால் கிறுக்கர் சங்கம். எழுத்தாளர்கள் வந்தார்கள், அறிஞர்கள் வந்தார்கள், யதீந்திர குமார் சேன் என்ற ஓவியர் வீட்டு ஆள் மாதிரியே இருந்தார். ராஜசேகரின் கதைகளுக்குப் படம் போட்டவர் அவர்தான். முதல் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பப் புனைபெயர் வேண்டியிருந்தபோது, அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்திருந்த பரசுராம் என்ற பொற்கொல்லரின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த வீட்டுக் கதைகளில் ஒன்று. புராணத்துக் கோடரி ராமனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

இதை எதற்கு இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பிறந்ததும் அதே வீட்டில்தான். 1922 ஜனவரியில், போஸின் தலைமையில். தொடக்க உறுப்பினர்கள் 15 பேர். இருவர் ஆங்கிலேய அதிகாரிகள், மற்றவர்கள் வங்காளிகள். பல்கலைக்கழக உளவியல் ஆசிரியர்கள், டாக்டர்கள் என்று ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான் பெரும்பாலும். அந்த ஆண்டே உலக உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் இணைத்துக்கொண்டார்கள். 1953-இல் சாகும்வரை போஸ்தான் தலைவர். வியன்னாவில் ஃப்ராய்டின் வீட்டுக் காத்திருப்பறையில் புதன்கிழமைகளில் கூடிய கூட்டம் எப்படி ஒரு இயக்கமானதோ, கிட்டத்தட்ட அதேதான் இங்கேயும். வித்தியாசம், அங்கே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு பிரிந்து போனார்கள். பார்சிபாகானில் அப்படிப்பட்ட பெரிய வெட்டுக்குத்து நடக்கவில்லை. தலைவர் கடைசிவரை தலைவர். அது நல்லதா என்று என்னைக் கேட்டால், சங்கத்துக்கு நல்லது, சிந்தனைக்கு அவ்வளவு நல்லதில்லை. போஸை எதிர்த்து உரக்கப் பேச ஓர் ஆள் அந்த அறையில் இருந்திருந்தால் அவருடைய கோட்பாடு இன்னும் கூர்மையாகியிருக்கும்.

நோயாளிகளிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதிலும் இந்த வீட்டு வாசனை தெரியும். ஃப்ராய்டின் சோபா, அதன்மேல் பாரசீகக் கம்பளம் எல்லாம் நமக்குப் படத்தில் பழக்கம். போஸிடம் போனால் கான்வாஸ் சாய்வு நாற்காலி. நம் வீடுகளில் தாத்தாக்கள் வராந்தாவில் போட்டுச் சாய்ந்திருப்பார்களே, அந்த வகை. டாக்டர் வேட்டி கட்டியிருப்பார். சும்மா பின்னால் உட்கார்ந்து 'உம்' கொட்டுகிறவரும் இல்லை, சொல்லிக்கொடுக்கிற குருவின் சாயல் உண்டு. ஒருவனை அடிக்க வேண்டும் என்று உனக்கு வெறி வருகிறதா? சரி, இப்போது அந்த அடிவாங்குகிறவன் நீதான் என்று கற்பனை செய்து பார் என்பார். நோயாளி அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார், திரும்பவும் இந்தப் பக்கம் வருவார், ஏற்றப்பலகை மாதிரி மாறி மாறி.

இதன் அடியில் இருப்பது அவருடைய 'எதிர் விருப்பம்' என்ற கருத்து. மனதில் எழும் ஒவ்வொரு ஆசைக்கும் அதற்கு நேர்மாறான ஆசை ஒன்று ஒட்டியே பிறக்கிறது, ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே அமுங்குகிறது என்பார். அடிக்க நினைப்பவனுக்குள் அடிபட நினைப்பவன் இருக்கிறான். ஆணாக இருப்பவனுக்குள் பெண்ணாக இருக்கும் ஆசை இருக்கிறது. 1921-இல் டி.எஸ்சி. பட்டத்துக்காக அவர் எழுதியது மன அமுக்கத்தை, அதாவது மனம் ஆசைகளை அடியில் அமுக்கிவைப்பதைப் பற்றிய ஆய்வு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உளவியலுக்குக் கிடைத்த முதல் முனைவர் பட்டம் அதுதான். அந்த நூலைத்தான் ஃப்ராய்டுக்கு அனுப்பினார்.

ஃப்ராய்டு உடனே பதில் போட்டார். அந்தத் தூர தேசத்திலிருந்து வந்த முதல் உளப்பகுப்பாய்வு நூல் இவ்வளவு விஷய ஞானத்தோடு இருக்கிறதே என்று வியப்பு. கூடவே ஒரு சின்ன ஊசியும்: நாங்கள் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டதை நீங்கள் தர்க்கத்தால் வருவித்திருக்கிறீர்களே என்று. பாராட்டா குத்தலா என்று சொல்ல முடியாதபடி எழுதுவதில் ஃப்ராய்டு மன்னன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. போஸ் ஃப்ராய்டிடம் ஒரு புகைப்படம் கேட்டு எழுதினார். அது வருவதற்குள், ஃப்ராய்டு எப்படி இருப்பார் என்று நம் அட்டா ஓவியர் யதீந்திர குமார் சேன் கற்பனையிலேயே பென்சிலால் ஒரு முகம் வரைந்துவிட்டார். போஸ் அதன் பிரதியை வியன்னாவுக்கு அனுப்பி வைத்தார். மூலப் படத்தைக் கையில் வைத்துக்கொள்கிறேன், உங்கள் புகைப்படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பேன் என்றும் எழுதினார். கிறுக்கர் சங்கத்துக்காரர்களுக்கே வரக்கூடிய குறும்பு இது. ஃப்ராய்டின் பதில்: படம் ரொம்ப அழகாக இருக்கிறது, ஆளைவிட அழகாக இருக்கிறது, புகைப்படம் வந்ததும் பாருங்கள், ஓவியர் சில இன அடையாளங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரியும். யூதர் அவர். தோழி லூ ஆந்த்ரேயாஸ் சலோமேக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் பச்சையாகவே சொன்னார், என்னை அசல் இங்கிலீஷ்காரனாக ஆக்கிவிட்டார்கள் என்று. கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு வெள்ளைக்கார மேதை என்றால் கண்முன் தெரிந்த வெள்ளைக்கார முகம் ஒன்றுதானே!

அந்த முகத்துக்காரர்கள் இருவர் சங்கத்திலேயே இருந்தார்கள் என்றேன் அல்லவா. ஒருவர் ஓவன் பெர்க்லி ஹில், ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநோய் மருத்துவமனைக்குத் தலைவர். இன்னொருவர் டேலி, ராணுவ அதிகாரி. பெர்க்லி ஹில் விசித்திரமான ஆள். மனைவி மலபாரைச் சேர்ந்த, தீயர் என்ற சமூகத்துப் பெண், அந்த மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் இந்திய மனைவி. எழுத்திலோ, இந்துக்களின் மதம், தத்துவம், குணம் எல்லாவற்றையும் குழந்தையின் மலங்கழிக்கும் பருவத்தோடு முடிச்சுப் போட்டு ஒரு நீண்ட கட்டுரை, அதே 1921-இல். டேலி கொஞ்ச காலம் கழித்து வங்காளப் புரட்சிக்காரர்களின் மனதை ஆராய்ந்து, சுதந்திர வேட்கையையே ஒருவித நோய்க்கூறாகப் படித்தார். ஆட்சி செய்கிறவர்கள் ஆளப்படுகிறவர்களை நாற்காலியில் படுக்க வைத்துப் பார்த்தால் இப்படித்தான் தெரியும் போல. போஸ் இந்தப் பாதையில் போகவில்லை. இந்திய மனம் வேறு மாதிரி இருக்கிறது என்றார். குறைந்தது என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

வேறு மாதிரி என்பதை ஃப்ராய்டிடமே சொன்னார். 1929-இல் தன் கட்டுரைகளைக் கட்டாக அனுப்பி, இன்னின்ன பகுதியைப் பாருங்கள் என்று குறித்தும் கொடுத்தார். விஷயம் ஈடிபஸ் சிக்கல். அப்பா தன் குறியை வெட்டிவிடுவார் என்ற பயத்தில் பையன் அம்மா மீதான ஆசையை விட்டுவிடுகிறான் என்பது ஃப்ராய்டின் வாதம். என் இந்திய நோயாளிகளிடம் அந்தப் பயம் ஐரோப்பியர்களிடம் போல முன்னால் நிற்பதில்லை, பெண்ணாகும் ஆசைதான் சுலபமாக மேலே வருகிறது என்றார் போஸ். அதோடும் நிற்கவில்லை. அப்பாவின் மிரட்டலுக்குப் பணிந்து அந்தச் சிக்கல் தீர்வதில்லை, மனதுக்குள் அப்பாவையே வெட்டிப் பெண்ணாக்கத் துணிந்தால்தான் தீரும் என்றார். குருநாதர் என்று மதிக்கும் ஒருவருக்கே இதை எழுதி அனுப்புவது எப்படிப்பட்ட காரியம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பாவை வெல்வது பற்றிய கட்டுரை, அப்பா ஸ்தானத்தில் இருப்பவருக்கே!

ஃப்ராய்டு கோபப்படவில்லை. இந்திய நோயாளிகளிடம் தெரியும் வித்தியாசம் மனதில் பதிகிறது, எதிர் விருப்பத்தையும் கவனத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். ஆனால் அந்தக் கோட்பாடு வடிவத்தைத்தான் சொல்கிறது, உள்ளே இயங்கும் விசையைச் சொல்லவில்லை என்று தன் கருத்தையும் வைத்தார். சொன்னபடி கவனத்தில் வைத்தாரா என்றால், அவர் பின்னால் எழுதியவற்றில் போஸின் சுவடு எனக்குத் தெரியவில்லை. இருவரும் மரியாதை குறையாமல் எழுதிக்கொண்டார்கள், இருவருமே ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இந்தியர்கள் மீது ஃப்ராய்டுக்கு எவ்வளவு ஆர்வம் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1926 அக்டோபரில் தாகூர் வியன்னா வந்தபோது ஃப்ராய்டைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்துவிட்டு வந்த ஃப்ராய்டு, கடவுளை நாம் எப்படிக் கற்பனை செய்வோமோ அப்படியே இருக்கிறார் என்றார். சில நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து தத்துவப் பேராசிரியர் தாஸ்குப்தாவும் வந்து பார்த்தார். அதோடு என் இந்தியர் பங்கு கொஞ்ச காலத்துக்குப் போதும் என்று நண்பர் ஃபெரென்சிக்கு எழுதிவிட்டார். வராமலே இருந்த போஸுடன் உறவு கடைசிவரை கெடாமல் இருந்ததற்கு இந்தத் தூரமும் உதவியிருக்கலாம்.

இந்த நட்பில் ஒரு சிலைக் கதையும் உண்டு. 1931-இல் ஃப்ராய்டுக்கு 75 வயது. கல்கத்தாச் சங்கத்தார் பரிசாக ஒரு தந்த விஷ்ணுவைச் செய்வித்து அனுப்பினார்கள். திருவிதாங்கூரில் உள்ள பழைய கற்சிலை ஒன்றுதான் மாதிரி. ஆதிசேஷன் மேல் உட்கார்ந்து, தலைக்குமேல் அதன் படம் விரிந்த கோலம். தெற்கே நம் பக்கத்துப் பெருமாள் கோயில்களில் பார்த்துப் பழகிய உரு. கூடவே சமஸ்கிருதத்தில் ஒரு வாழ்த்துப் பாடல். ஃப்ராய்டு பழைய சிலைகள் சேர்ப்பதில் பைத்தியம், எகிப்து, கிரேக்கம், ரோம் என்று மேஜை முழுக்க ஒரு பட்டாளமே நிற்கும். அதில் விஷ்ணுவுக்கு முதல் மரியாதையான இடம் கொடுத்திருக்கிறேன், தூர தேசங்களில் உளப்பகுப்பாய்வு பெற்ற வெற்றியை இது நினைவூட்டும் என்று போஸுக்கு நன்றி எழுதினார். 'வெற்றி' என்றுதான் அவருக்குத் தோன்றியது, அனுப்பியவர்கள் அன்பு என்று நினைத்து அனுப்பியதை. கொஞ்ச நாளில் தந்தத்திலும் அதன் மரப் பீடத்திலும் விரிசல் விட்டது. கல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு வியன்னா சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்குப் போனபோது விஷ்ணுவும் கூடப் போனது. லண்டனில் அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம், சிலை அங்கேதான் இருக்கிறது.

அதே 1938-இன் தொடக்கத்தில், ஃப்ராய்டோடு உறவை முறித்துக்கொண்ட சுவிஸ் உளவியலாளர் யுங் கல்கத்தாவுக்கே வந்தார், அறிவியல் காங்கிரசின் வெள்ளிவிழாவுக்கு. வந்த இடத்தில் சீதபேதி பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பகையாளிக்கு ஊர் பார்க்கக் கிடைத்தது, நண்பருக்குக் கிடைக்கவில்லை.

போஸின் எழுத்தில் பாதி நோயாளிகளைப் பற்றியதே இல்லை. கனவைப் பற்றி வங்காளத்தில் ஒரு நூல் எழுதினார், கீதைக்கு உரை எழுதினார், புராணங்களின் காலக்கணக்கைத் துருவிப் பார்த்தார். சிவப்பு எறும்புகளும் கறுப்பு எறும்புகளும் வரும் ஒரு குழந்தைக் கதைப் புத்தகமும் உண்டு. எதிர் விருப்பம் என்று சொன்னவர் இரண்டு நிற எறும்புகளை எதிரெதிராக நிறுத்தியதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்ல மாட்டேன். எறும்பு எறும்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சொன்னதோடு நிற்காமல் இடமும் கட்டினார். 1933-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவமனை ஒன்றுக்குள்ளேயே மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படி ஒன்று அதற்குமுன் இல்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற வாசலைத் தாண்டாமல், காய்ச்சல்காரர் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் நின்று டாக்டரைப் பார்க்கலாம். 1940-இல் சங்கத்தின் பெயரில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை. அதற்கு நிலம் கொடுத்தவர் வேறு யாருமில்லை, கதை எழுதும் அண்ணன்தான்.

1942-இல் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமுக்கு நாக்குக் குழறி, நினைவு தப்பத் தொடங்கியபோது லும்பினி பார்க்கில்தான் சேர்த்தார்கள். நாலு மாதம் போல போஸ் பார்த்தார். வெள்ளைக்காரன் சிறையில் போட்டும் அடங்காத கவிஞர் அவர். நோய் பிடிகொடுக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து வருஷம் கழித்து நண்பர்கள் பணம் திரட்டி நஸ்ருலை லண்டனுக்கு அழைத்துப் போனார்கள், அங்கிருந்து வியன்னாவுக்கு. 1953 டிசம்பரில் வியன்னா டாக்டர் பரிசோதித்து, இது மூளையே சுருங்கிப்போகிற பிக் நோய், மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். போஸ் அந்த ஜூன் மாதமே கல்கத்தாவில் இறந்திருந்தார்.